எங்கள் பைக் கிளப்பை உள்ளூர்த் தொண்டுச் சந்தைக்கு அழைத்திருக்கிறார்கள். வண்டிகளைக் காட்சிக்கு வைப்பதால் நிதி சேருமா?

சேரும். ஆனால் வண்டிகளைச் சுற்றிக் கயிறு கட்டி, "தொடாதீர்கள்" என்று அட்டை மாட்டிவிட்டு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தால் சேராது. கும்பகோணத்தில் பழைய வண்டி வைத்திருக்கும் நாங்கள் பதினொரு பேர், ஒரு மாணவர் விடுதிக்காக பள்ளி மைதானத்தில் நடந்த சந்தைக்கு இரண்டு ஆண்டுகள் சென்றோம். முதல் ஆண்டு நாங்கள் செய்தது அதைத்தான். வந்தவர்கள் தள்ளி நின்று பார்த்துவிட்டு பஜ்ஜிக் கடைக்குப் போனார்கள். மாலையில் உண்டியலைத் திறந்தபோது அதில் இருந்தது பெரும்பாலும் நாங்களே போட்ட பணம்.

மறு ஆண்டு கயிற்றை எடுத்துவிட்டு, ஒவ்வொரு வண்டிக்கும் அதன் உரிமையாளரே பக்கத்தில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தோம். 1961 முதல் 1996 வரை மைசூரில் தயாரான ஜாவா, எஸ்டி வண்டிகளில், உதைத்து ஸ்டார்ட் செய்யும் கிக்கரும் கியர் லீவரும் ஒன்றே என்பதை ஒரு முறை செய்து காட்டினால் போதும், பத்துப் பேர் கூடிவிடுவார்கள். எங்கள் பழைய புல்லட்டின் அருகே வந்த பெரியவர் ஒருவர், கேட்காமலேயே ஏறி உட்கார்ந்து இடது காலைத் தானாக அழுத்திவிட்டு, "இதுக்கு பிரேக்கு இந்தப் பக்கமுல்ல, தம்பி" என்று சிரித்தார். அந்த வண்டிகளில் கியர் வலப்பக்கமும் பிரேக் இடப்பக்கமும் இருந்ததை அவர் கால் மறக்கவில்லை. பிறகு அவர் தம் பேரன்களையும் அழைத்து வந்தார்.

பணம் அதிகம் வந்தது புல்லட்டை உதைத்து ஸ்டார்ட் செய்யும் போட்டியில்தான். ஸ்டார்ட் ஆனால் இலவசம், ஆகாவிட்டால் உண்டியலில் 50 ரூபாய். ஆம்பியர் மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக அழுத்தி, இஞ்சினுக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு இன்னும் சிறிது இறக்கி, லீவரை விட்டுவிட்டுப் பிறகுதான் முழு உதை விட வேண்டும். இது தெரியாத இளைஞர்கள் பலத்தை நம்பி உதைத்துத் தோற்றார்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரே உதையில் எழுப்பினார். தவறாக உதைத்தால் கிக்கர் திரும்பி வந்து காலைப் பதம் பார்க்கும் என்பதால், அடுத்த முறை ஷூ இல்லாதவரை ஏற்றுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். மெக்கானிக்குக்கும் அதே விதிதான்.

நான் எதிர்பாராதது, ஓர் உறுப்பினரின் மாமா கொண்டுவந்த டிவிஎஸ் 50. பளபளக்கும் வண்டிகளுக்கு நடுவே அதை நிறுத்துவதா என்று எங்களுக்குள் முணுமுணுப்பு எழுந்தது; நானும் முணுமுணுத்தவன்தான். ஆனால் 1980-இல் வந்த அந்த மொபட்டில்தான் இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பல உரமூட்டையையும் விதைநெல்லையும் வயலுக்குக் கொண்டுபோயின, பிள்ளைகளைப் பள்ளியில் விட்டன. பெண்கள் அதிகம் நின்று பேசியது அதனருகில்தான். ஆகவே உங்கள் கிளப்பில் யாரிடமும் இல்லாவிட்டால் ஊரில் யாரிடமாவது கேட்டு வாங்கி, முன்வரிசையில் வையுங்கள்.

இடம் பற்றி ஒன்று. டெல்டா மண் வண்டல் மண். மார்கழி, தையில் ஒரு மழை பெய்தாலும் மைதானம் இளகிவிடும். முதல் ஆண்டு சைடு ஸ்டாண்டு மண்ணில் இறங்கி ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100 சாய, அது பக்கத்தில் இருந்த எஸ்டியையும் தள்ளிவிட்டது. டேங்க் நெளிந்ததோடு போயிற்று. அருகில் குழந்தை எதுவும் இல்லை. அதிலிருந்து ஒவ்வொரு வண்டியின் ஸ்டாண்டுக்குக் கீழும் பலகைத் துண்டு வைக்கிறோம். இஞ்சினிலிருந்து எண்ணெய் சொட்டும் வண்டிக்குக் கீழே தகரத் தட்டும் உண்டு. பள்ளிக்காரர்கள் மறுமுறையும் இடம் தர வேண்டுமல்லவா? சமையல் அடுப்புள்ள கடைகளிலிருந்து தள்ளி இடம் கேளுங்கள். சூடான சைலன்சர் உள்ள வண்டியைக் குழந்தைகள் வரும் பக்கம் திருப்பி நிறுத்தாதீர்கள். காது கிழியும் சைலன்சர் மாட்டியவர்களை, நண்பர்களே ஆனாலும், அன்று அழைக்க வேண்டாம்.

உண்டியலின் சாவி சந்தை நடத்துபவர்களிடமே இருக்கட்டும், எண்ணுவதும் அவர்கள்தான்.

குழந்தைகள் ஏறுவார்கள், கிளட்சைப் பிடித்து இழுப்பார்கள் என்பதை உறுப்பினர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மனம் ஒப்பாதவர் தம் வண்டியைப் பின்வரிசையில் நிறுத்திக்கொள்ளலாம், அதைக் குறையாகப் பேசக் கூடாது. எங்களில் இருவர் அப்படி நிறுத்தினார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்களில் ஒருவர் தம் ஜாவாவைத் தாமே முன்வரிசைக்கு உருட்டி வந்தார்.