ஒரு ஜாங்கிரிக்குப் பிறகு

கேள்வி: எனக்கு வயது 37. எடை 74 கிலோ. கல்யாணத்தின்போது 54 கிலோ இருந்தேன், அதற்குத் திரும்ப வேண்டும் என்பது ஆசை. வாரநாட்களில் காலையில் வெறும் கிரீன் டீ, மதியம் இரண்டு சப்பாத்தி, இரவு ஓட்ஸ் கஞ்சி என்று கறாராக இருக்கிறேன். சோறு தொடுவதே இல்லை. ஆனால் சனி, ஞாயிறில் ஏதாவது விசேஷத்துக்குப் போய் ஒரு ஜாங்கிரி சாப்பிட்டுவிட்டால் அவ்வளவுதான். ‘இன்னைக்கு டயட் போச்சு, திங்கக்கிழமையிலேர்ந்து பார்த்துக்கலாம்’ என்று இரவு வரை கண்டதையும் தின்கிறேன். ‘உனக்கு வாயைக் கட்டத் தெரியாது’ என்கிறார் கணவர். எனக்கு மனஉறுதியே கிடையாதா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: வாரத்தில் ஐந்து நாள் காலை ஆகாரம் இல்லாமல் வீட்டு வேலை அத்தனையும் பார்க்கிறவருக்கு மனஉறுதி இல்லை என்றால், வேறு யாருக்கு இருக்கிறது? உங்கள் கணவர் ஒரு வாரம் அதே கிரீன் டீயைக் குடித்துப் பார்க்கட்டும், பிறகு பேசலாம்.

ஒரு ஜாங்கிரியால் யாருக்கும் எடை ஏறிவிடாது. ‘டயட் போச்சு’ என்று நீங்கள் முடிவு கட்டுகிறீர்களே, அந்த நிமிடத்துக்குப் பிறகு உள்ளே போவதுதான் ஏற்றுகிறது. உளவியலாளர்கள் இதை ஐம்பது வருடங்களாகக் கவனித்துவருகிறார்கள். 1975இல் பீட்டர் ஹெர்மன், டெபோரா மேக் என்ற இருவர் கல்லூரி மாணவிகளில் சிலருக்கு மில்க் ஷேக் கொடுத்தார்கள். பிறகு ‘ருசி பார்த்துச் சொல்லுங்கள்’ என்று ஐஸ்கிரீமை முன்னே வைத்துவிட்டு, யார் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று அளந்தார்கள். டயட்டைப் பற்றிக் கவலைப்படாத பெண்கள், மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். வயிறு நிறைந்தவர்கள் செய்வது அதுதானே. எப்போதும் வாயைக் கட்டுகிறவர்களோ, மில்க் ஷேக் குடித்த பிறகுதான் கூடுதலாகச் சாப்பிட்டார்கள்! அடுத்த வருடம் ஜேனட் பொலிவி இன்னொரு சோதனை செய்தார். உண்மையில் எத்தனை கலோரி உள்ளே போனது என்பதைவிட, ‘நிறைய சாப்பிட்டுவிட்டேன்’ என்ற நினைப்புதான் டயட் ஆட்களை அதிகம் தின்ன வைத்தது.

ஆக, உங்களைக் கவிழ்ப்பது நீங்களே போட்ட சட்டம். சோறு கூடாது, இனிப்பு கூடவே கூடாது என்று கோடு போட்டால், அதை லேசாகத் தாண்டினாலும் நாள் முழுக்கக் கெட்டுப்போனதாகத் தோன்றும். அதோடு, ஐந்து நாள் சேர்த்துவைத்த பசி வேறு.

அந்தப் பசியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்தார். எல்லோரும் தாமாக முன்வந்தவர்கள். சில வாரங்களிலேயே சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சில்லை. சமையல் குறிப்புகளை விழுந்து விழுந்து படித்தார்கள், தட்டை நக்கினார்கள், சிடுசிடுத்தார்கள். சோதனை முடிந்து சாப்பாட்டைத் தாராளமாக்கியபோது, வயிறு முட்டிய பிறகும் சிலருக்குப் பசி அடங்கவில்லை. ராத்திரி பத்து மணிக்கு நீங்கள் முறுக்கு டப்பாவைத் தேடினால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, என்ன செய்யலாம்? முதலில் காலையில் சாப்பிடுங்கள். இரண்டு இட்லி, கொஞ்சம் சாம்பார், முடிந்தால் ஒரு முட்டை. மதியம் ஒரு கப் சோறு, அதைவிடக் கூடுதலாகப் பொரியலும் பருப்பும். சோற்றை விலக்கிச் சப்பாத்திக்குத் தாவுவதில் பெரிய லாபம் எதுவும் இல்லை, நம் ஊரில் இது ஒரு மூடநம்பிக்கை மாதிரியே ஆகிவிட்டது. விருந்து இருக்கிற அன்று காலையில் பட்டினி கிடக்காதீர்கள். கொலைப்பசியோடு பந்தியில் உட்கார்ந்தால் முதலில் கை போவது இனிப்புக்குத்தான். ஜாங்கிரி பிடிக்குமா, இலையில் வைத்ததை நிதானமாக, பாகு நாக்கில் படப் படச் சாப்பிடுங்கள். அன்று இரவு வழக்கமான சாப்பாடு. பட்டினியும் வேண்டாம், ‘திங்கக்கிழமையிலேர்ந்து’ என்ற கணக்கும் வேண்டாம்.

54 கிலோ என்ற எண்ணையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். இருக்கிற எடையில் 5 சதவீதம், அதாவது உங்களுக்கு நாலு கிலோவுக்கும் குறைவுதான், அது இறங்கினாலே சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நல்லது. தைராய்டு பரிசோதனை செய்யவில்லை என்றால் ஒருமுறை செய்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. கட்டுப்பாடே இல்லாமல் யாருக்கும் தெரியாமல் சாப்பிடுவது வாரம் ஒருமுறையாவது மூன்று மாதமாக நடக்கிறது என்றால், அல்லது சாப்பிட்டதை வாந்தி எடுக்கலாமா என்று தோன்றினால், டயட் சார்ட்டை மாற்றிப் பயனில்லை. மனநல மருத்துவரைப் பாருங்கள். அது சிகிச்சையில் குணமாகிற பிரச்சினை. போகும்போது கணவரையும் அழைத்துப் போங்கள். வாயைக் கட்டுவது பற்றி அவர் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளட்டும்.