பாப் ஆர்ட் எங்கே, எதனால் தோன்றியது? அதன் தாக்கம் இன்றும் இருக்கிறதா?

விளம்பரம், சித்திரக்கதை, அன்றாடக் கடைப்பொருள் போன்றவற்றையே கலைக்குப் பொருளாக்கிய இயக்கமான பாப் ஆர்ட் என்றதும் அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோலும் நியூயார்க்கும் நினைவுக்கு வருவதால், அது அமெரிக்காவில் பிறந்தது என்றே பலரும் எண்ணுகிறார்கள். அதன் தொடக்கமோ போருக்குப் பிந்தைய லண்டனில் இருக்கிறது. 1954 வரை உணவுக்கு ரேஷன் நீடித்த நாட்டில் வாழ்ந்த இளைஞர்களுக்கு, அமெரிக்கப் பத்திரிகைகளின் வழவழப்பான தாள்களில் பளபளத்த கேக்கும் காரும் குளிர்பதனப் பெட்டியும் வேறோர் உலகமாகத் தெரிந்தன. அந்த ஏக்கத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் இந்த இயக்கம் வெறும் பளிச்சென்ற வண்ணமாகவே தோன்றும்.

பிரிட்டிஷ் கலைஞர் எட்வர்டோ பாவ்லோட்ஸி 1947இல் செய்த ஓர் ஒட்டுச்சித்திரத்தில், பத்திரிகை அட்டைப் பெண் ஒருத்தியை நோக்கி ஒரு கைத்துப்பாக்கி நீள்கிறது. அதிலிருந்து எழும் வெண்புகையில் 'பாப்!' என்ற சொல் இருக்கிறது. கீழே கோகோ கோலா விளம்பரம் ஒட்டப்பட்டிருக்கிறது. 1952இல் லண்டன் சமகாலக் கலை நிறுவனத்தில் கூடிய 'இண்டிபெண்டன்ட் குரூப்' என்ற சிறு குழுவின் முன், இப்படிச் சேகரித்த பத்திரிகைத் துண்டுகளை அவர் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் காட்டினார். அதே குழுவைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹாமில்டன், 1956இல் வைட்சேப்பல் கலைக்கூடத்தில் நடந்த கண்காட்சிக்காக, ஏறத்தாழ 26 சென்டிமீட்டர் அளவே உள்ள ஒட்டுச்சித்திரம் ஒன்றில் ஒரு நவீன வீட்டின் வரவேற்பறையையே அடக்கிக் காட்டினார். மறு ஆண்டு எழுதிய கடிதத்தில் 'பாப்' என்பதன் இயல்புகளாக அவர் வெகுமக்களுக்கானது, நிலையற்றது, விலை மலிவானது, பெருமளவில் உற்பத்தியாவது என்று அடுக்கிய பட்டியல் இன்று இயக்கத்தின் இலக்கணம் போலவே மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் அப்போது அவர் மனத்தில் இருந்தது ஓவியங்கள் அல்ல. விளம்பரமும் சினிமாவும் சேர்ந்த வெகுமக்கள் பண்பாடே.

அமெரிக்காவில் நிலைமை நேர்மாறானது. அங்கே பொருள்கள் குவிந்து கிடந்தன. காலணி விளம்பரங்களுக்குப் படம் வரைந்து பெயர் பெற்றிருந்த வார்ஹோல், 1962 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸின் ஃபெரஸ் கலைக்கூடத்தில், ஒவ்வொரு சுவைக்கும் ஒன்றாக 32 கேம்ப்பெல் சூப் டப்பா ஓவியங்களைக் கடை அலமாரியில் அடுக்குவதுபோல் வைத்தார். அவை அச்சுப்படங்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அவை கையால் தீட்டப்பட்டவை. அதே ஆண்டில்தான் அவர் ஸ்கிரீன் பிரிண்டிங் முறைக்கு மாறினார்.

நான் பல ஆண்டுகள் ஸ்கிரீன் பிரிண்டிங் தொழிலில் இருந்தவன் என்பதால் இந்த மாற்றத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியின்மேல் மையை ஊற்றி ரப்பர் பட்டையால் இழுக்கும்போது, கை அழுத்தம் சற்றுக் கூடினாலே கறுப்பு அப்பிக்கொள்ளும். மை குறைந்தாலோ, துணியின் கண்ணிகள் காய்ந்து அடைத்துக்கொண்டாலோ உருவம் வெளிறிப்போகும். அத்தகைய தாள்களை நாங்கள் கழிவென்று ஒதுக்கிவிடுவோம். வார்ஹோலோ, 1962 ஆகஸ்டில் மர்லின் மன்றோ இறந்தபின், ஒரு பழைய விளம்பரப் புகைப்படத்திலிருந்து அவர் முகத்தை 50 முறை அச்சிட்ட ஓவியத்தில் அந்தக் கழிவுகளை அப்படியே விட்டுவைத்தார். இடப்பக்கத்து 25 முகங்கள் பகட்டான வண்ணத்தில் இருக்க, வலப்பக்கத்துக் கறுப்பு வெள்ளை முகங்களில் சில மையில் மூழ்குகின்றன, சில மங்கி மறைகின்றன. இயந்திரத்தனமான கலை என்று அதைக் குறை சொல்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை; அந்தப் பிழைகள் ஒவ்வொன்றிலும் ஒரு கையின் அழுத்தம் எனக்குத் தெரிகிறது.

தாக்கத்தைப் பொறுத்தவரை, டி-ஷர்ட்டுகளிலும் சுவரொட்டிகளிலும் காணும் புள்ளிகளையும் அடர்வண்ணங்களையும் எல்லோரும் அறிவார்கள். 1964இல் வரைந்த மர்லின் ஓவியம் ஒன்று 2022இல் சுமார் 19.5 கோடி டாலருக்கு ஏலம் போனதும் செய்தியானது. இவற்றைவிட ஆழமானதாக நான் கருதுவது, பிறர் உருவாக்கிய படத்தை எடுத்தாளும் உரிமை பற்றி பாப் ஆர்ட் எழுப்பிய கேள்வியை. அமெரிக்க பாப் ஓவியர் ராய் லிக்டன்ஸ்டைனின் 1963ஆம் ஆண்டு ஓவியமான 'வாம்!' லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற உடைமைகளில் ஒன்று. அதற்கு மூலமான போர்ச் சித்திரக்கதைக் கட்டத்தை வரைந்த இர்வ் நோவிக்கின் பெயரை அறிந்தவர்கள் மிகக் குறைவு. பாடகர் பிரின்ஸை லின் கோல்ட்ஸ்மித் எடுத்த புகைப்படத்திலிருந்து வார்ஹோல் உருவாக்கிய படமொன்றைப் பத்திரிகை அட்டைக்கு உரிமம் கொடுத்த வழக்கில், 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற பெரும்பான்மையில் புகைப்படக்காரர் பக்கம் தீர்ப்பளித்தது. வார்ஹோலை நேசிக்கும் எனக்கும் அந்தத் தீர்ப்பு நியாயமாகவே படுகிறது.