படத்தை விடுங்கள், ஃபீஸ் யார் கட்டுகிறார்?

கேள்வி: புதுச்சேரியிலிருந்து வந்து பாரிஸ் புறநகரில் குடியிருக்கிறோம். 13 வயது மகள் சின்ன வயதிலிருந்தே பாலே கற்கிறாள். பள்ளியில் ஓர்சே மியூசியத்துக்குக் கூட்டிப்போனபோது, தெகா என்ற பிரெஞ்சு ஓவியர் வரைந்த ‘லெத்துவால்’ என்ற நடனக்காரி படத்தின் போஸ்டரை வாங்கிவந்து கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறாள். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார், “பொம்பளப் புள்ள படுக்கிற ரூமுல தொடை தெரிய ஒரு படமா?” என்று தினமும் சண்டை. கணவர் வாயே திறப்பதில்லை. வகுப்புக்கு நிறையச் செலவாகிறது. கணவரின் நண்பர் ஒருவர் பெரிய மனதோடு ஃபீஸ் கட்டுகிறார், ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் வந்து மேடைக்குப் பின்னாலேயே நின்று உற்சாகப்படுத்துவார். நான் என்ன செய்யட்டும் அக்கா, படத்தை எடுத்துவிடவா?
– பெயர் வேண்டாம்

பதில்: மாமியார் சண்டைக் கடிதங்கள் எனக்கு மூட்டை மூட்டையாக வருகின்றன, அதனால் அதைப் பற்றி அப்புறம் பேசுவோம். எனக்கு உறுத்துவது, போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன அந்த ஒரு வரிதான். பெரிய மனதோடு ஃபீஸ் கட்டுகிறார், மேடைக்குப் பின்னாலேயே நிற்கிறார். எழுதும்போது உங்கள் கை கொஞ்சமும் நிற்கவில்லையா?

மகளின் அறைக்குப் போய் அந்தப் படத்தை ஒழுங்காகப் பாருங்கள். கீழே வலப்பக்கம் ஒரு பெண் கையை விரித்து ஒற்றைக்காலில் நிற்கிறாள், கழுத்தில் கறுப்பு ரிப்பன் பறக்கிறது, மேடை விளிம்பு விளக்கின் வெளிச்சம் கீழிருந்து அவள் முகத்தில் அடிக்கிறது. எல்லோரும் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நீங்கள் கொஞ்சம் மேலே, இடப்பக்கம் பாருங்கள். தட்டிகளுக்கு நடுவே கறுப்புக் கோட்டும் கால்சட்டையுமாக ஓர் ஆள் நிற்கிறான், தெரிகிறதா? முகம் தட்டிக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. தெகா அவனுக்கு முகம் வரையவே இல்லை.

1876 வாக்கில் வரைந்தது. தகட்டில் மையால் தீட்டி, தாளில் ஒற்றி எடுத்து, அதன்மேல் பாஸ்டல் வண்ணக்கட்டியால் பூசியிருக்கிறார். 58 சென்டிமீட்டர் உயரம்தான் இருக்கும். 1877இல் இம்ப்ரஷனிஸ்ட் ஓவியர்களின் மூன்றாவது கண்காட்சியில் வைத்தார்கள். அந்த ஆள் யார் என்று பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டியிருந்திருக்காது. பாரிஸ் ஓபராவுக்கு வருஷச் சந்தா கட்டும் பணக்கார ஆண்கள் மேடைக்குப் பின்னால் போய்வரலாம், பெண்கள் உடம்பைத் தளர்த்திக்கொள்ளும் கூடத்திலேயே நின்று பேசலாம். அந்தப் பெண்களில் பலர் துணி வெளுக்கும் வீடுகளிலிருந்தும் வாசல்காவல் வீடுகளிலிருந்தும் வந்த ஏழைப் பிள்ளைகள். செலவுக்குக் கை நீட்டி உதவுகிறேன் என்று வருகிறவனைப் போ என்று சொல்ல அந்த வீடுகளுக்குத் தெம்பில்லை. தெகாவின் 14 வயதுச் சிறுமி சிலைக்கு நின்ற மரீ வான் கோத்தெமும் ஒரு சலவைக்காரியின் மகள்தான். 1882இல் ஓபராவிலிருந்தே அவளை நீக்கிவிட்டார்கள்.

அதே மியூசியத்தில் தெகாவின் இன்னொரு படம் இருக்கிறது, நடன வகுப்பு. அதில் பின்வரிசையில் அம்மாக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் கால எழுத்தாளர்கள் அவர்களையும் விட்டுவைக்கவில்லை, மகளுக்கு விலை பேசுகிறவர்கள் என்றுகூடக் கேலி செய்தார்கள், அது தனிக்கதை. ஆனாலும் அங்கே உட்கார்ந்திருந்தார்களே! உங்கள் மகளின் நிகழ்ச்சி அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்? கடிதத்தில் தேடித்தேடிப் பார்த்துவிட்டேன், ஒரு வரி இல்லை.

அந்த நண்பர் தங்கமான மனிதராகவே இருக்கலாம். அவரை நான் ஒன்றும் சொல்லவில்லை, உங்கள் இரண்டு பேரையும்தான் சொல்கிறேன். கணவர் வாய் திறப்பதில்லை என்று குறைபடுகிறீர்கள். கடன்பட்டவன் எந்த வாயால் பேசுவான்? நாளைக்கு அந்த நண்பர் மகளை எங்கேயாவது கூட்டிப்போகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்ல உங்கள் வீட்டில் ஆள் இருக்கிறதா? பெற்ற பிள்ளைக்கு அப்பன் ஆத்தாதான் செலவு செய்ய வேண்டும், முடியாவிட்டால் செலவைக் குறைக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயமே கிடையாது, பழைய பஞ்சாங்கம் என்று நீங்கள் சிரித்தாலும் சரி.

அங்கே நகராட்சி நடத்தும் கன்சர்வத்துவார்கள், அதாவது இசை, நடனப் பள்ளிகள், பலவற்றில் குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் கட்டணம் போடுகிறார்கள். மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், போய் விசாரியுங்கள். இந்த வருஷம் நண்பர் கட்டியதைத் தவணையிலாவது திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நிகழ்ச்சிக்கு வரட்டும், டிக்கெட் எடுத்து எல்லோரோடும் முன்னால் உட்காரட்டும். இதை அவரிடம் சொல்ல வேண்டியது உங்கள் கணவர், நீங்கள் இல்லை.

அதற்கு முன்னால் மகளிடம் தனியாகப் பேசுங்கள். போலீஸ் விசாரணை மாதிரி வேண்டாம். அவர் மேடைக்குப் பின்னால் வந்து நிற்பது உனக்குப் பிடிக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருங்கள். சொல்வதில் ஏதாவது கோணலாகப் பட்டால் குடும்ப மானம், நட்பு என்று யோசித்துக்கொண்டு உட்காராமல் 119க்கு போன் போடுங்கள், பிள்ளைகளுக்கான இலவச எண் அது, ராத்திரியிலும் எடுப்பார்கள்.

போஸ்டர் அங்கேயே இருக்கட்டும். மாமியாரோடு சண்டை போடாதீர்கள், அடுத்த நிகழ்ச்சிக்கு அவரையும் கூட்டிப்போய், வெளியாட்கள் நிற்கலாமென்றால் பாட்டியும் நிற்கலாம் என்று டீச்சரிடம் சொல்லி, பேத்தி பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். அவர் கண்ணில் எதுவும் தப்பாது போலிருக்கிறது.