தாத்தாவோட ட்வெல்வ் போர் துப்பாக்கிக்கு எந்த தோட்டா வாங்கறது?

கோத்தகிரி பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: தாத்தாவோட ரெட்டைக்குழல் ட்வெல்வ் போர் துப்பாக்கி (போர்ங்கறது குழாயோட அளவு) லைசென்ஸ் இப்ப என் பேருக்கு மாறிடுச்சு, தோட்டத்துக்கு பன்னியும் காட்டெருமையும் வருது, எல்ஜி (பெரிய குண்டு போட்ட தோட்டா) வாங்கவா சின்ன ரவை (பொடி குண்டு) போட்டதா, தாத்தா வெச்சிருந்த பழைய தோட்டா ஒரு டப்பா இருக்கு, சிலது கொஞ்சம் ஒல்லியா இருக்கு, யூஸ் பண்ணலாமா?

தம்பி, அந்த ஒல்லி தோட்டாவ இன்னைக்கே தனியா எடுத்து வெச்சிடுங்க. அது ட்வென்டி போரா இருக்க வாய்ப்பு அதிகம். ட்வெல்வ் போர் குழாயோட உள்ளளவு சுமார் 18.5 மில்லிமீட்டர், ட்வென்டி போருக்கு சுமார் 15.6 தான், அதனால ட்வெல்வ் போர்ல இத மாத்தி போட்டா உள்ள வழுக்கிப்போய் குழாய் குறுகுற இடத்துல மாட்டிக்கும், பின்னாடி இருந்து பாத்தா காலியா இருக்கற மாதிரி தெரியும், சரி போடலபோலன்னு அது மேல ஒரு ட்வெல்வ் போர போட்டு சுட்டா உங்க இடது கை புடிச்சிருக்கற இடத்துலயே குழாய் வெடிச்சிடும். அமெரிக்க தோட்டால ட்வென்டி போருக்கு மஞ்சள் கலர் கொடுத்ததே இதுக்குத்தான், ஆனாலும் கலர நம்பாதீங்க, பித்தளை அடியில இருக்கற நம்பர படிங்க.

அடுத்து துப்பாக்கிய படிக்கணும். குழாய கழட்டி அடியில பாருங்க, 2½ இஞ்சுன்னு இருந்தா 65 மில்லிமீட்டர் தோட்டா மட்டும்தான். 70 தோட்டா அதுல உள்ள போயிடும், மூடவும் செய்யும், ஆபத்தே அதுதான், ஏன்னா தோட்டால எழுதியிருக்கற நீளம் சுட்டு வாய் விரிஞ்சதுக்கு அப்புறம் இருக்கற நீளம், விரிய இடம் இல்லன்னா பிரஷர் எகிறிடும். குழாய் மேல அலை அலையா கோலம் இருந்தா அது டமாஸ்கஸ்ங்கற பழைய வகை குழாய், கரிமருந்து காலத்து சாமான், இப்போதைய தோட்டா எதுவும் வேண்டாம், லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிட்ட காட்டாம ஒரு வெடிகூட வெடிக்காதீங்க.

எல்ஜியா ரவையான்னு கேட்டீங்க. பன்னியோ காட்டெருமையோ, 1972 வனவிலங்கு சட்டப்படி நாமளா முடிவு பண்ணி சுட முடியாது, ஃபாரஸ்ட்காரங்கள கூப்பிடுங்க, லைசென்ஸ் இருக்கறது அதுக்கு அனுமதி ஆகாது. இத நான் சும்மா சொல்லல, வழக்குன்னு வந்தா துப்பாக்கியும் போகும் நிம்மதியும் போகும். சுட்டுப் பழகற ரேஞ்சுல பயிற்சிக்குன்னா 6ம் நம்பர் ரவை போதும். அதுவே 200 மீட்டர் வரைக்கும் போகும், எல்ஜி 700 மீட்டர் கிட்ட போகும், நம்ம ஊர்ல சரிவுக்கு கீழ தேயிலை பறிக்கறவங்க இருப்பாங்க, லைன் வீடு இருக்கும், மஞ்சு இறங்கிட்டா பத்தடி தள்ளி என்ன இருக்குன்னே தெரியாது. குண்டு எங்க போய் விழும்னு கண்ணால பாக்க முடியலன்னா ட்ரிகர் பக்கம் விரலே போகக்கூடாது.

சுட்டும் வெடிக்கலன்னா உடனே திறக்காதீங்க, குழாய ஆபத்தில்லாத பக்கம் புடிச்சபடியே ஒரு நிமிஷம் நில்லுங்க. சத்தம் மட்டும் சப்புன்னு கேட்டா உள்ள ஏதாவது மாட்டியிருக்கலாம், ரெண்டு குழாயையும் காலி பண்ணி குழாய் வழியா வெளிச்சம் தெரியுதான்னு பாத்துட்டுத்தான் அடுத்தது.

பழைய டப்பா தோட்டா வேண்டவே வேண்டாம். நம்ம மழைக்கும் ஈரத்துக்கும் பேப்பர் தோட்டா ஊறி உப்பிடும், பித்தளைல பச்சை களிம்பு ஏறிடும். அடுப்புலயோ குப்பையிலயோ போடாதீங்க, பிரிச்சும் பாக்காதீங்க, லைசென்ஸோட ஸ்டேஷனுக்கு போய் விஷயத்த சொல்லி எப்படி ஒப்படைக்கறதுன்னு கேளுங்க.