ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: எனக்கு 31 வயது. ஷா ஆலாமில் ஒரு சரக்குக் கிடங்கில் எட்டு வருடமாக ஸ்டோர்கீப்பர். இந்த வேலை என் கற்பனையைக் கொல்கிறது. வேலையை விட்டுவிட்டு, பினாங்கில் கடல் தெரிகிற மாதிரி ஓர் அறை எடுத்து, முழுநேர மர்ம நாவலாசிரியர் ஆகப் போகிறேன். முதல் மூன்று அத்தியாயங்களை அனுப்பியிருக்கிறேன். மர்ம நாவல் எழுதுகிறவர்களின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? கற்பனை ஊற என்ன செய்ய வேண்டும்?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: ராஜினாமாக் கடிதம் இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன். கொடுத்துவிடாதீர்கள், தம்பி. மூன்று அத்தியாயங்களையும் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கற்பனை உங்களுக்கு நிறையவே இருக்கிறது. இல்லாதது வேறு. உங்கள் கதை 2022இல் நடக்கிறது. ஜார்ஜ்டவுனில் கொலையை முடித்தவன் காரைப் படகில் ஏற்றிக்கொண்டு பட்டர்வொர்த்துக்குத் தப்பிக்கிறான், நடுக்கடலில் கத்தியை வீசுகிறான். 2021 தொடக்கத்திலிருந்து அந்தப் படகுச் சேவையில் கார் ஏற்றுவதே இல்லை. ஆட்களும் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும்தான். பினாங்குக்காரர் அந்த வரியோடு உங்கள் புத்தகத்தை மூடி வைத்துவிடுவார்.

சரி, பாலத்தில் போகட்டும். பினாங்குத் தீவையும் எதிர்க்கரையையும் இணைக்கிற, 1985இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலம். அதில் தீவுக்குள் வரும்போதுதான் டோல். தீவை விட்டுப் போகும்போது கிடையாது. அப்படியென்றால் உங்கள் கொலைகாரன் வந்த நேரம் டோல் கட்டுகிற டச் என் கோ அட்டையின் கணக்கில் இருக்கும், போன நேரம் இருக்காது. "எட்டு மணிக்கே கிளம்பிவிட்டேன், கொலை நடந்தபோது நான் அங்கே இல்லை" என்று அவன் சாதிக்கலாம். டோல் கணக்கு அதைப் பொய் என்று சொல்லாது. பாலத்தைக் கடந்து போகிற ஒவ்வொருவருக்கும் தெரிந்த விஷயம் இது. நாவலுக்கு ஒரு முடிச்சு சும்மா கிடக்கிறது, நீங்கள் இல்லாத படகில் காரை ஏற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.

அப்புறம் உங்கள் இன்ஸ்பெக்டர். சந்தேக நபரை மூன்று வாரம் லாக்கப்பில் வைத்து விசாரிக்கிறார். கைது செய்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று நம் அரசியலமைப்புச் சட்டமே சொல்கிறது. கொலை வழக்கானால் மாஜிஸ்திரேட் முதலில் ஏழு நாள், பிறகு இன்னும் ஏழு நாள் வரை தடுப்புக்காவலுக்கு அனுமதி தரலாம். அதோடு சரி. குற்றம் சாட்ட வேண்டும், இல்லையென்றால் வெளியே விட வேண்டும். பதினான்காம் நாள் சாயங்காலம், ஒரே ஓர் ஆதாரம் குறைகிறது, எதிரில் இருப்பவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். எழுத வேண்டிய அத்தியாயம் அதுதான். நீங்கள் எழுதவில்லை. அந்த இன்ஸ்பெக்டர் பேசுவதும் சென்னைப் பேச்சு. நம் பாலாயில், அதாவது போலீஸ் நிலையத்தில், முதல் கேள்வியை மலாயில்தான் கேட்பார்கள்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்றால், இந்தத் தப்பு எனக்கும் நடந்திருக்கிறது. ஒரு தொடர்கதையில் கோலாலம்பூர் கொலை வழக்கில் ஜூரி உட்கார்ந்திருந்ததைக் கவனிக்காமல் அச்சுக்கு அனுப்பிவிட்டேன். ஜூரி விசாரணை 1995லேயே எடுக்கப்பட்டுவிட்டது. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் காலை ஏழு மணிக்கே கூப்பிட்டார். கோபப்படவில்லை. "ஐயா, மூன்று வாரமாக ஆசையாகப் படித்தேன்" என்று மட்டும் சொன்னார். அது இன்னும் மனதில் இருக்கிறது.

அதனால் அன்றாட வாழ்க்கை என்று கேட்டால், பெரும்பகுதி இப்படிச் சரிபார்ப்பதிலேயே போகும். கொலை செய்தது யார், ஏன், எப்படி என்பது முதல் வரிக்கு முன்பே எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். யார் எத்தனை மணிக்கு எங்கே இருந்தார் என்று ஒரு தாள் போட வேண்டும். அந்தத் தெருவில் கையில் கடிகாரத்தோடு நடந்து பார்க்க வேண்டும். கடைசி அத்தியாயத்தில் ஒன்றை மாற்றினால் மூன்றாம் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய் அங்கே வைத்த துப்பையும் மாற்ற வேண்டும். கடல் தெரிகிற ஜன்னல் இதில் எதையும் செய்து தராது.

வேலையிலிருந்துகொண்டே எழுதியவர்களைப் பாருங்கள். சுஜாதா பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளர். இங்கிலாந்தில் மர்ம நாவலாசிரியர் பி. டி. ஜேம்ஸின் முதல் நாவல் வந்தது 1962இல். அரசு வேலையிலிருந்து ஓய்வுபெற்றது 1979இல். இடைப்பட்ட காலத்தில் அவர் மருத்துவமனை நிர்வாகத்திலும் பிறகு உள்துறையில் போலீஸ், குற்றவியல் பிரிவுகளிலும் வேலை பார்த்தார். அந்த அலுவலகங்கள்தான் அவர் கதைகளுக்குத் தீனி. இங்கே நிலைமை இன்னும் கறார். சொந்தக் காசில் புத்தகம் போட்டு, வெளியீட்டு விழாவில் வருகிற பண உறைகளை நம்பி அச்சகக் கடன் அடைக்கிறவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். மலேசியாவில் தமிழ் நாவல் எழுதி மாத வாடகை கட்டுகிற ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது வேறு. மூன்று அத்தியாயங்களிலும் ஒரு கிடங்குகூட இல்லை. எட்டு வருடம் ஸ்டாக் கணக்கு எடுத்திருக்கிறீர்கள். நாற்பது பெட்டி வந்ததாக டி.ஓ.வில் (சரக்கோடு வருகிற டெலிவரி ஆர்டர் சீட்டில்) கையெழுத்து இருக்கும், ரேக்கில் முப்பத்தெட்டு இருக்கும். லோரிக்காரர் ஒன்று சொல்வார், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் வேறொன்று சொல்வார், காவலாளியின் நோட்டுப் புத்தகத்தில் மூன்றாவது நேரம் எழுதியிருக்கும். யார் பொய் சொல்கிறார் என்று உங்கள் மூக்குக்குத் தெரிந்துவிடும், அதை எப்படி நிரூபிப்பது என்பதும் தெரியும். துப்பறிகிறவருக்கு வேண்டியது இதுதானே? இந்த வேலையா உங்கள் கற்பனையைக் கொல்கிறது?

படகுக் கதையை எடுத்து வையுங்கள். அந்த இரண்டு பெட்டிகளில் ஆரம்பியுங்கள். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரம் போதும். அடுத்த முறை அத்தியாயங்களோடு அந்த நேரத் தாளையும் சேர்த்து அனுப்புங்கள். நான் முதலில் தாளைத்தான் படிப்பேன்.