உளுந்துக்கு மூன்று மருந்தையும் ஒரே டேங்கில் கலக்கலாமா?

கேள்வி: புவனகிரி பக்கம் சம்பா அறுவடைக்கு முன்பே மூன்று ஏக்கரில் உளுந்து தெளித்தேன். பயிருக்கு இப்போது 32 நாள், முதல் பூ தெரிகிறது. வாய்க்காலில் தண்ணீர் இல்லை, நிலம் வெடிக்கத் தொடங்கிவிட்டது. கடையில் ரைசோபியம், பிபிஎஃப்எம், என்.ஏ.ஏ. மூன்றையும் கொடுத்து, சேர்த்து அடிக்கச் சொன்னார்கள். அடித்தால் பயிர் வறட்சி தாங்குமா?

பதில்: சேர்த்து அடிக்காதீர்கள். கடைக்காரருக்கு எல்லாமே 'டானிக்'தான். பயிருக்கு அப்படியில்லை.

ரைசோபியத்துக்கு இந்த டேங்கில் வேலையே கிடையாது. அது வேரில் முடிச்சு போடும் பாக்டீரியா. ஆறிய கஞ்சியில் குழைத்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி விதைத்திருக்க வேண்டும். விட்டுப்போயிற்றே என்று கவலைப்படும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். இரண்டு செடியை மண்ணோடு தோண்டி எடுங்கள். பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே நின்றுவிடும். முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கிறதா? அப்படியானால் உங்கள் வயலில் ஏற்கெனவே இருக்கும் ரைசோபியமே தழைச்சத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அது ஓய்ந்துவிட்டது.

இன்றைக்குத் தேவை என்.ஏ.ஏ. என்ற வளர்ச்சி ஊக்கி. ஈரம் குறைந்தால் செடிக்குள் பூ, காயை உதிர்க்கும் எத்திலீன் என்ற வாயு கூடும், பூ கொட்டும். அந்த உதிர்வைத்தான் இது தடுக்கிறது. அளவு லிட்டருக்கு 40 மில்லிகிராம். உங்கள் பாட்டில் 4.5 சதவீதம் என்றால் 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயருக்கு 14 மில்லி போதும். மூடிக் கணக்கில் ஊற்றாதீர்கள், அளவு மீறினால் இலை சுருளும், பூவும் சேர்ந்து கொட்டும். கூடவே 2 சதவீத டிஏபி உரக் கரைசல்: ஏக்கருக்கு 4 கிலோவை முதல்நாள் இரவே 10 லிட்டரில் ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் வடித்து, மொத்தம் 200 லிட்டராக்கி மாலையில் அடியுங்கள். வறண்ட மண்ணிலிருந்து வேரால் எடுக்க முடியாததை இலை எடுத்துக்கொள்ளும். 15 நாள் கழித்து இன்னொரு முறை. பயறு வகைகளுக்கான பயறு ஒண்டர் என்ற கலவையை வாங்கியிருந்தால் அதிலேயே சத்தும் வளர்ச்சி ஊக்கியும் உண்டு. மேலே என்.ஏ.ஏ.வையும் டிஏபியையும் சேர்க்க வேண்டாம்.

பிபிஎஃப்எம் இலைமேல் வாழும் இளஞ்சிவப்பு பாக்டீரியா. இலை வெளியேற்றும் மெத்தனால்தான் அதன் சாப்பாடு. பதிலுக்கு சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தந்து இலை பழுப்பதைத் தள்ளிப்போடுகிறது. முதல் தெளிப்புக்கு ஒரு வாரம் கழித்து, லேபிளில் உள்ள அளவில், தனியாக, வெயில் தாழ்ந்தபின் அடியுங்கள். பூஞ்சாணக்கொல்லி அடித்த டேங்கை நன்றாகக் கழுவாமல் இதை ஊற்றினால் பாக்டீரியா செத்துவிடும்.

இவையெல்லாம் உயிருள்ள இலைக்குத்தான். உச்சிவெயிலில் இலை துவண்டால் பயமில்லை. மாசிப் பனி இறங்கிய விடியற்காலையிலும் நிமிராமல் கிடந்தால் எந்தப் பாட்டிலும் உதவாது. பக்கத்து போர்வெல்லில் கெஞ்சியாவது ஒரு தண்ணீர் கட்டுங்கள். மேலாக நனைந்தால் போதும். களிமண்ணில் தேங்கவிட்டால் செடி மஞ்சளாகிவிடும்.

அந்த ரைசோபியம் பாட்டிலை இப்போதே கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த தை வரை கொட்டகையில் கிடந்தால் சித்திரை வெயிலுக்கு உள்ளே உயிர் எதுவும் மிஞ்சாது.