எத்தியோப்பியாவில் வேலைக்குச் சேருமுன்

கேள்வி: அடிஸ் அபாபா கல்லூரி ஒன்றில் ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறது. நான் சைவம். என்னென்ன தெரிந்துகொண்டு போக வேண்டும்?

பதில்: முதலில் மணிக்கணக்கைப் பழகிக்கொள்ளுங்கள். அங்கே பொழுது விடிவதிலிருந்து மணி எண்ணுகிறார்கள். நமது காலை 7 மணி அவர்களுக்கு 1 மணி. வீட்டுக்காரர் ‘மூன்று மணிக்கு வாருங்கள்’ என்றால் காலை 9 மணியாக இருக்கலாம். எந்தக் கணக்கு என்று தயங்காமல் கேளுங்கள். ஆண்டுக்கு 13 மாதங்கள். கடைசி மாதத்துக்கு 5 அல்லது 6 நாட்களே. புத்தாண்டு செப்டம்பர் 11 அல்லது 12இல் பிறக்கும். ஆண்டு எண்ணும் நம்முடையதைவிட 7 அல்லது 8 குறைவு. ஆகவே வாடகை ஒப்பந்தத்தில் தேதியைப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளிகளிலும் ஈஸ்டருக்கு முந்தைய நீண்ட நோன்பிலும் இறைச்சி, பால், முட்டை தொடுவதில்லை. அன்று உணவகத்தில் ‘யெட்ஸோம் பெயாய்நெத்து’ கேளுங்கள். டெஃப் என்ற சிறுதானிய மாவைப் புளிக்கவைத்துச் சுட்ட அகலமான இன்ஜெரா வரும். மேலே பருப்பு, கீரை, முட்டைக்கோஸ், ஷிரோ என்ற காரமான கடலைமாவுக் குழம்பு. இன்ஜெராவைக் கிள்ளி, குழம்பைச் சேர்த்தெடுத்து, வலக்கையால் உண்ண வேண்டும். தோசை மாவின் புளிப்பு பழகிய நாக்குக்கு இது சீக்கிரம் பிடித்துவிடும். மற்ற நாட்களில் ‘போஸெனா ஷிரோ’வைத் தவிருங்கள், அதில் இறைச்சி உண்டு.

காபிக்கு அழைத்தால் நேரம் ஒதுக்கிப் போங்கள். பச்சைக் கொட்டையை உங்கள் எதிரிலேயே கரி அடுப்பில் வறுத்து, புகையை முகர நீட்டுவார்கள். பிறகு இடித்து, ஜெபெனா என்ற மண்கூஜாவில் கொதிக்கவைத்து, அபோல், தோனா, பரக்கா என மூன்று சுற்று ஊற்றுவார்கள். முதல் சுற்றோடு எழுந்துவிட்டால் வீட்டாருக்கு வருத்தமாக இருக்கும்.

அவர்களுக்கும் குடும்பப் பெயர் கிடையாது. இரண்டாவதாக வருவது தந்தை பெயர். நம் இனிஷியல் போலத்தான். எனவே சக பேராசிரியரை அவருடைய சொந்தப் பெயரோடு ‘டாக்டர்’ சேர்த்து அழையுங்கள்.

‘உங்களை ஆண்டது யார்?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். 1896இல் அத்வா என்ற இடத்தில் பேரரசர் இரண்டாம் மெனெலிக்கின் படை இத்தாலியை முறியடித்தது. 1936 முதல் 1941 வரையிலான இத்தாலிய ஆக்கிரமிப்பை அவர்கள் காலனி ஆட்சியாக ஏற்பதில்லை. அந்தப் பெருமை நியாயமானது. பேரரசர் ஹைலே செலாசி காலத்தில் இந்திய ஆசிரியர்கள் பலர் அங்கே கற்பித்தார்கள். அவர்களிடம் படித்த முதியவர்களைச் சந்தித்தால் உட்கார்ந்து பேசுங்கள்.

நகரம் ஊட்டியைவிடச் சற்று உயரத்தில் இருப்பதால் ஸ்வெட்டர் அவசியம். ஜூன் முதல் செப்டம்பர் வரை குடையும். நாட்டின் வடக்கே பாறையைக் குடைந்து உருவாக்கிய லாலிபெலா தேவாலயங்களை அவசியம் பாருங்கள். வடக்கில் சில ஆண்டுகளாகப் போரும் மோதல்களும் நடந்திருப்பதால், டிக்கெட் எடுக்குமுன் கல்லூரியிலும் இந்தியத் தூதரகத்திலும் நிலவரம் கேட்டுக்கொள்ளுங்கள்.